டைமண்ட் வாங்கின பையனும் தலைகீழா நடந்த பூனையும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல என் பையன் கேம்ல காசு விட்ட கதைய ஒரு ஓரமா நாலு வரி எழுதியிருந்தேன். சமையல் குறிப்பு எழுதினா ரெண்டு லெட்டர் வரும், இதுக்கு வந்து குவிஞ்சிருச்சு. ஆசிரியர் "நீங்களே பதில் சொல்லிருங்கக்கா"ன்னு மொத்தத்தையும் என் தலையில கட்டிட்டாரு. நான் டாக்டரும் இல்ல, கம்ப்யூட்டர் படிச்சவளும் இல்ல. மதுரைல ஒரு துணிக்கடைல கணக்கு எழுதுறேன், வீட்ல பையன் ஏழாவது, பொண்ணு மூணாவது. பட்டத மட்டும்தான் சொல்ல முடியும். பேரு போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால யார் பேரையும் போடல.

கேள்வி: அந்தக் கதைய முழுசா சொல்லுங்க. எவ்வளவு போச்சு, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?
- ஒரு வாசகி, விருதுநகர்

சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. எங்க வீட்டு யுபிஐ பின் நம்பர் பையனுக்குத் தெரியும், அவன் எட்டிப் பாத்துத் திருடல, நானே சொன்னது. காலைல அடுப்புல தோசை, வாசல்ல பால்காரர், "தம்பி அவருக்கு காச அனுப்பிவிடுடா, நம்பர் இதான்"னு அடுப்படில இருந்து கத்தியிருக்கேன், தெருவுக்கே கேட்டிருக்கும். அப்புறம் கீரைக்காரம்மா, இஸ்திரிக்காரர், தண்ணி கேன் எல்லாத்துக்கும் அவன்தான் எங்க வீட்டு கேஷியர், நானும் "என் புள்ளை எவ்வளவு ஸ்மார்ட்டு"ன்னு அக்கம்பக்கத்துல பீத்திக்கிட்டேன்.

பேங்க் மெசேஜ் வரத்தான் செஞ்சுது, லோன் வேணுமா சேலை வேணுமான்னு வர்ற மெசேஜுக்கு நடுவுல அத யாரு பாக்குறா. மாசக் கடைசில ஒருநாள் உக்காந்து பாத்தா 80, 80, 240, 80, 400ன்னு வரிசையா போயிருக்கு. முதல்ல வீட்டுக்காரர் மேலதான் சந்தேகம் வந்துச்சு, பாவம் அவரு. மூணு வாரத்துல மொத்தம் 3,600 ரூபா. ஊர்க் கணக்கெல்லாம் எழுதுறவ சொந்தக் கணக்குல கோட்டை விட்டுட்டேன்.

எதுக்குடான்னு கேட்டா "ஒரு சட்டைக்கும்மா"ன்னான். காட்டுடான்னேன். முதுகுல நெருப்பு எரியுற மாதிரி ஒரு ஜாக்கெட். இதப் போட்டா வேகமா ஓடலாமா? இல்ல. குண்டு கம்மியா படுமா? இல்ல. அப்ப எதுக்கு? "சும்மா வர்ற சட்டையில போனா பாட்-னு, அதான் ஆடத் தெரியாத பொம்மைன்னு சொல்லி டீம்ல சேக்க மாட்டாங்கம்மா." அந்த இடத்துல எனக்குக் கோவம் பாதி போயிருச்சு. துணிக்கடைல இருக்கவளுக்கு இது புரியாதா, தீபாவளி முடிஞ்சு கலர் டிரஸ் நாள்ல பழைய சட்டையோட ஸ்கூலுக்குப் போற பிள்ளையோட முகம் எனக்குத் தெரியும். அந்தக் கேம்காரனுக்கும் அது தெரிஞ்சிருக்கு, அதான் விஷயம்.

இன்னொண்ணும் கவனிச்சேன். கேமுக்குள்ள சாமான் வாங்குற காசுக்குப் பேரு டைமண்ட், அத நம்ம ரூபா குடுத்து வாங்கணும். சட்டைக்கு எத்தனை டைமண்ட் வேணுமோ அத்தனை டைமண்ட் பாக்கெட் விக்கவே மாட்டாங்க. ஒண்ணு கொஞ்சம் பத்தாது, இல்ல கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சினத வீணாக்க மனசு வராம அடுத்த பாக்கெட். ரூபான்னு சொன்னா பிள்ளைக்கு உறைக்கும், டைமண்ட்னா உறைக்காது, கோலிக்குண்டு மாதிரி ஆயிரும். லக்கி ஸ்பின்னு ஒண்ணு வேற, திருவிழாக் கடைல ராட்டை சுத்துவானே அதேதான், அவனாவது சாயங்காலம் கடைய கட்டிட்டுப் போயிருவான்.

பணம் திரும்பி வந்துச்சான்னா, கடைசியா வாங்கின ரெண்டுக்கு மட்டும் வந்துச்சு. ப்ளே ஸ்டோர்ல வாங்கினதா இருந்தா 48 மணி நேரத்துக்குள்ள ரீஃபண்ட் கேட்டுப் பாருங்க, அதுக்கு மேல ஆனா கஷ்டம். ஐபோன்காரங்களுக்கு ஆப்பிள்லயே ரிப்போர்ட் எ ப்ராப்ளம்னு ஒரு பக்கம் இருக்கு. முக்கியமா ஸ்டோர் செட்டிங்ஸ்ல போய் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேக்குற மாதிரி வைங்க. பின் நம்பர மாத்திட்டேன், இப்பல்லாம் பால்காரருக்கு சில்லறைதான்.

நம்ம மட்டும்தான் ஏமாந்தோம்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல ஃபோர்ட்நைட் கேம் நடத்துற எபிக் கேம்ஸ் கம்பெனிய அங்க உள்ள ஃபெடரல் டிரேட் கமிஷன் பிடிச்சு, 2022 டிசம்பர்ல மொத்தம் 52 கோடி டாலர் கட்ட வச்சாங்க. அதுல 24.5 கோடி டாலர், பட்டன் வச்ச இடத்தாலயும் அப்பா அம்மாவக் கேக்காமயும் தெரியாத்தனமா வாங்க வச்சதுக்காக திருப்பிக் குடுக்க வேண்டிய காசு. அந்த ஊர்லயே இந்தக் கதைன்னா 3,600 ரூபாய்க்கு நான் அழலாமா.

கேள்வி: பப்ஜி, ஃப்ரீ ஃபயர் எல்லாம் தடைன்னு டிவில சொன்னாங்களே, தெருவுல எல்லாப் பசங்களும் எப்படி இன்னும் ஆடுறாங்க?
- ஒரு அப்பா, திண்டுக்கல்

எனக்கும் இந்தக் குழப்பம் ரொம்ப நாள் இருந்துச்சுங்கண்ணே. பப்ஜி மொபைல 2020 செப்டம்பர்ல தடை பண்ணாங்க. அடுத்த வருசமே பிஜிஎம்ஐன்னு இந்தியாவுக்குன்னு வேற பேர்ல வந்துச்சு, அதையும் 2022 ஜூலைல ஸ்டோர்ல இருந்து எடுத்துட்டு 2023 மே மாசம் திரும்ப விட்டாங்க. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரில தடை, ஆனா ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்னு அண்ணன்காரன் ஒருத்தன் இருந்தான், அவன் தப்பிச்சுட்டான். தடை ஆனது டேட்டா வெளிநாட்டுக்குப் போகுது, நாட்டுப் பாதுகாப்புங்கிற காரணத்துக்காக. நம்ம பிள்ளை சாப்பிடாம ஆடுதுங்கிறதுக்காக இல்ல. அத கவர்மெண்ட் பாத்துக்கும்னு நாம உக்காந்திருக்கக் கூடாது.

கேள்வி: மூணு வயசுப் பொண்ணு, போன்ல பாட்டு போட்டாத்தான் வாயத் திறக்குறா. என்ன பண்றது?
- புது அம்மா, நாமக்கல்

எல்லா வீட்டுலயும் இதான்மா, நீ ஒண்ணும் குத்த உணர்ச்சில மருகாத. ரெண்டு வயசு வரைக்கும் ஸ்கிரீனே வேண்டாம், ரெண்டுலருந்து அஞ்சு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லியிருக்கு. உலக சுகாதார நிறுவனமும் 2019ல கிட்டத்தட்ட இதத்தான் சொல்லுச்சு. ஆனா சோறு ஊட்டும்போது மட்டும் வேண்டாம்டா, வயிறு நிறைஞ்சதே அதுக்குத் தெரியாம போயிரும். என் பொண்ணுக்கு நான் போன நிறுத்தினப்ப மூணு நாள் பட்டினி கிடந்தா மாதிரி நடிச்சா, நாலாம் நாள் மொட்டை மாடில காக்காய்க்கு ஒரு வாய் உனக்கு ஒரு வாய்னு ஊட்டினேன், காக்காய்க்குத்தான் அதிகம் போச்சு, பரவால்ல.

கேள்வி: என் பொண்ணுக்கு 10 வயசு. ரோப்ளாக்ஸ்ல யாரோ "ரோபக்ஸ் தர்றேன், உன் போட்டோ அனுப்பு"ன்னு கேட்டிருக்காங்க (ரோபக்ஸ்னா அதுக்குள்ள செலவழிக்கிற காசு). அவ அனுப்பல, ஆனா எனக்கு கை கால் நடுங்குது. கேம டெலிட் பண்ணிறவா?
- பேரும் ஊரும் வேண்டாம்

முதல்ல ஒண்ணு கேக்குறேன், இது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? பொண்ணாவே வந்து சொல்லியிருந்தா அவள தயவுசெஞ்சு திட்டிராதீங்க, தலைல கை வச்சு நல்ல வேலை செஞ்சேன்னு சொல்லுங்க. இன்னைக்கு சொன்னதுக்கு போன பிடுங்கிட்டா அடுத்த தடவை சொல்ல மாட்டா, அதுதான் பெரிய ஆபத்து.

டெலிட் இப்ப வேண்டாம். அந்த ஆளோட பேர், அவன் எழுதினது எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அப்புறம் கேம்லயே ரிப்போர்ட் பண்ணி பிளாக் பண்ணுங்க. 1930ன்னு சைபர் கிரைம் நம்பர் இருக்கு, பிள்ளைங்களுக்குன்னு 1098 இருக்கு. போட்டோ போயிருந்தா யோசிக்காம உடனே கூப்பிடணும், போகலன்னாலும் கூப்பிட்டுச் சொல்லி வைக்கலாம், தப்பில்ல.

ரோப்ளாக்ஸ்ங்கிறது ஒரு கேம் கிடையாது, அது ஒரு சந்தை மாதிரி. 2006ல இருந்து இருக்கு, உள்ள இருக்க கேம் எல்லாம் ஆடுறவங்களே செஞ்சு போட்டது. நல்லதும் கிடக்கும் கண்றாவியும் கிடக்கும். 2024 கடைசில, 13 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு கேமுக்கு வெளிய தனியா மெசேஜ் அனுப்ப முடியாதபடி மாத்தினாங்க, அப்பா அம்மா தங்களோட போன்ல இருந்தே கட்டுப்படுத்துற வசதியும் குடுத்தாங்க. ஆனா உங்க பொண்ணு அக்கவுண்ட்ல பிறந்த வருசம் என்னன்னு முதல்ல போய்ப் பாருங்க. எங்க வீட்ல பாத்தப்போ என் பையன் 2001ல பிறந்திருக்கான், எனக்கு அப்போ கல்யாணமே ஆகல. அவங்க வயச ஏத்திப் போட்டுட்டா அந்த வேலிய முழுசா நம்ப முடியாது.

கேள்வி: ஆன்லைன் கோடிங் கிளாஸ்ல சேத்தா பையன் சின்ன வயசுலயே ஆப் செய்வான்னு ஒரு கம்பெனில இருந்து தினம் போன் பண்றாங்க, 60,000 ரூபா, இஎம்ஐ வசதியும் உண்டாம். சேக்கலாமா?
- ஒரு அப்பா, ஓசூர்

எனக்கும் வந்துச்சு அந்த போன். டெமோ கிளாஸ்னு சொல்லி ஒரு மணி நேரம், அதுல முப்பது நிமிசம் பிள்ளைக்கு, மீதி முப்பது நிமிசம் எனக்கு. "உங்க பிள்ளைகிட்ட ஸ்பார்க் இருக்கு மேடம், இப்ப விட்டா போச்சு"ன்னு அந்தத் தம்பி சொன்ன விதத்துல என் பொண்ணு அடுத்த வாரமே அமெரிக்கா போயிருவாளோன்னு நானே நம்பிட்டேன். நல்லவேளை அன்னைக்கு கேஸ் சிலிண்டருக்கே காசு இல்ல.

60,000 எதுக்குங்கண்ணே, ஸ்க்ராட்ச்னு ஒண்ணு இருக்கு, ஃப்ரீ. அமெரிக்காவுல எம்ஐடி மீடியா லேப்ல செஞ்சு 2007ல விட்டது, 8 வயசுல இருந்து 16 வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு. இன்னும் சின்னதுன்னா ஸ்க்ராட்ச் ஜூனியர் இருக்கு, 5ல இருந்து 7 வயசுக்கு. எழுத வேண்டியதே இல்ல, கலர் கலரா கட்டைங்க இருக்கும், லீகோ மாதிரி ஒண்ணோட ஒண்ணு மாட்டணும். கம்ப்யூட்டர்ல ஒரு தடவை இறக்கி வச்சுட்டா நெட் கூட வேண்டாம். விளம்பரமும் கிடையாது.

என் பொண்ணு முதல் நாள் செஞ்சது இது. அதுல திறந்ததும் ஒரு ஆரஞ்சுப் பூனை நிக்கும். 10 ஸ்டெப் நட, ஓரத்துல முட்டினா திரும்பு, இத திரும்பத் திரும்ப செய்யின்னு மூணு கட்டைய மாட்டினா. பூனை ஓடுச்சு, வலது ஓரத்துல முட்டுச்சு, திரும்புச்சு, திரும்பும்போது தலைகீழா ஆயிருச்சு! கால் ரெண்டும் மேல, தலை கீழ, அப்படியே வானத்துல நடந்து வருது. அவ விழுந்து விழுந்து சிரிக்கிறா, நான் ஏதோ கெட்டுப் போச்சுன்னு பதறுறேன். அவ விடல, ஒவ்வொரு கட்டையா எடுத்து மாட்டிப் பாக்குறா, இல்ல, கழட்டுறா, வேற. அரை மணி நேரம் கழிச்சு நீலக் கட்டைங்கள்ல ரொட்டேஷன் ஸ்டைல்னு ஒண்ணு இருக்கிறதக் கண்டுபிடிச்சு இடது வலதுன்னு மாத்தினா, பூனை ஒழுங்கா திரும்பிருச்சு. பூனை 180 டிகிரி சுத்துதும்மா அதான் தலைகீழாச்சுன்னு எனக்கு பாடம் எடுத்தா. டிகிரின்னா என்னன்னு அவளுக்கு அப்ப ஸ்கூல்ல சொல்லித் தரல.

அப்புறம் பூனை ஒரு தோசையத் துரத்துற கேம் செஞ்சா. தோசைப் படம் அதுல இல்ல, அவளே வரைஞ்சா, நிலா மாதிரி இருந்துச்சு. பூனை தோசையத் தொட்டா ஸ்கோர் ஒண்ணு ஏறணும், ஆனா தொட்ட நொடில 40, 50ன்னு ஏறிப் போயிருச்சு, ஏன்னா தொட்டுக்கிட்டு இருக்க வரைக்கும் எண்ணிக்கிட்டே இருக்குதாம். தொட்டதும் தோசைய வேற இடத்துக்குப் போக வச்சு அத அவ அண்ணன்தான் சரி பண்ணிக் குடுத்தான். டைமண்ட் வாங்கின அதே அண்ணன்.

கிளாஸே வேண்டாம்னு சொல்லல. மொதல்ல ரெண்டு மாசம் சும்மா ஆட விடுங்க, அவனா கூப்பிட்டுக் காட்டுனா அப்புறம் யோசிங்க.

கேள்வி: "இந்த மேட்ச் முடியட்டும்மா"ங்கிற வார்த்தையக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. தினம் சண்டை. உங்க வீட்ல எப்படி?
- ஒரு அம்மா, கும்பகோணம்

எங்க வீட்லயும் யுத்தம்தான் நடந்துச்சு. நான் போய் டக்குன்னு பிடுங்குவேன், அவன் போடுற கூச்சல்ல பக்கத்து வீட்டு நாய் குலைக்கும். ஒருநாள் ஏன்டா இப்படின்னு பக்கத்துல உக்காந்து நானே ஆடிப் பாத்தேன். மூணு நிமிசத்துல எட்டு தடவை செத்தேன், யாரு சுட்டான்னே தெரியல, என் டீம்ல இருந்த ஒரு சின்னப் பையன் குரல் "யாருடா இந்த நூப்பு"ன்னு கேட்டுச்சு (கத்துக்குட்டின்னு அர்த்தமாம்), என் பையன் "எங்க அம்மா"ன்னு சொல்லி மானம் போச்சு. ஆனா ஒண்ணு புரிஞ்சுது, அத நடுவுல நிறுத்தி வைக்க முடியாது. மத்த மூணு பேர் அவன நம்பி நிக்கிறாங்க. கிரிக்கெட்ல இவனுக்கு பேட்டிங் வந்த நேரத்துல கடைக்குப் போடான்னா எந்தப் பையன் போவான்? நம்ம காலத்துல நம்ம அண்ணன் தம்பி போனாங்களா?

அதுல இருந்து மணிக்கணக்கு சொல்றத விட்டுட்டேன். ரெண்டு மேட்ச், அவ்வளவுதான். ஃப்ரீ ஃபயர் மாதிரி கேம்ல ஒரு ஆட்டம் பத்து நிமிசம் பக்கம், பிஜிஎம்ஐ அரை மணி கூட இழுக்கும், அதனால எந்தக் கேம்னு தெரிஞ்சுக்கிட்டு எத்தனை ஆட்டம்னு முதல்லயே பேசிக்கணும். பாதி சண்டை குறைஞ்சுது. மீதிப் பாதி இருக்கு.

நான் இப்ப எந்தக் கேம் வந்தாலும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், இது முடியுமா? தாயம் முடியும், கேரம் முடியும், செஸ் முடியும். பூனை கேம் செஞ்சு முடிச்சா கம்ப்யூட்டர மூடிட்டு எந்திரிக்கலாம். ஆனா இன்னைக்கு லாகின் பண்ணா ஒரு பெட்டி, நாளைக்கும் வந்தா ரெண்டு பெட்டி, ஏழு நாள் விடாம வந்தா பெரிய பெட்டி, ஒருநாள் விட்டா முதல்ல இருந்துன்னு ஒண்ணு இருந்தா அது முடியாத கேம், சீரியல் மாதிரி. அத போன்ல ஏத்தவே விடுறதில்ல. மைன்கிராஃப்ட்ல முடிவுங்கிறது பேருக்குத்தான், ஆனாலும் அத விட்டிருக்கேன், அதுல கிரியேட்டிவ் மோட்ல போட்டா யாரும் கொல்ல வர மாட்டாங்க, கட்டிக்கிட்டே இருக்கலாம். என் பையன் எங்க அப்பத்தா வீட்ட அதுல கட்டினான், திண்ணை, முற்றம், கொல்லைல கிணறு எல்லாம். அந்த வீட்ட வித்து ஆறு வருசம் ஆச்சு. எங்க அப்பா அதுல கிணத்தடி எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு அவன்கிட்ட சண்டை போட்டுட்டு இருந்தாரு.

கேள்வி: என் மகன் பத்தாவது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆடுறான், மார்க் போச்சு, குளிக்கிறதில்ல, கேட்டா அடிக்க வர்றான். இது அடிமை ஆனதா?
- கண்ணீரோடு ஒரு தாய்

அக்கா, இதுக்கு நான் பதில் சொல்றது சரியில்ல, இது டாக்டர் பாக்க வேண்டியது. எனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்றேன். உலக சுகாதார நிறுவனம் இத ஒரு நோயாவே பட்டியல்ல சேத்திருக்கு, ஆடுறத நிறுத்த முடியாம போறது, சாப்பாடு தூக்கம் படிப்பு எல்லாத்தையும் விட கேம் முன்னாடி வர்றது, கெடுதல்னு தெரிஞ்சும் தொடர்றது, இதெல்லாம் சாதாரணமா ஒரு வருசம் அளவுக்கு இருந்தா. அதனால லீவுல பத்து நாள் ஆடினத எல்லாம் நோய்னு சொல்ல மாட்டாங்க, நீங்க சொல்றது அப்படித் தெரியல. 14416ன்னு டெலிமானஸ் நம்பர், கவர்மெண்டோட மனநல உதவி நம்பர், ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம். பெங்களூர் நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரில இதுக்குன்னே ஷட் கிளினிக்னு ஒண்ணு 2014ல இருந்து நடக்குது. நம்ம ஊர்ல பெரிய கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் போகலாம். பைத்தியம்னு சொல்லுவாங்களோன்னு பயப்படாதீங்க. போன உடைச்சுப் போட்டா சரியாயிரும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அவன் எதுல இருந்து தப்பிச்சு அதுக்குள்ள ஓடுறான்னு யாராவது உக்காந்து கேக்கணும்.

கேள்வி: ஆன்லைன் ரம்மிய திறமைக்கான விளையாட்டுன்னு என் தம்பி வாதாடுறான், அவனுக்கு 17 வயசு.
- ஒரு அக்கா, சேலம்

காசு கட்டி ஆடுறதுக்கு என்ன பேரு வச்சா என்னம்மா. 2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட்ல சட்டமே போட்டு காசு வச்சு ஆடுற ஆன்லைன் கேம் எல்லாத்தையும் தடை பண்ணாங்க, திறமையா அதிர்ஷ்டமாங்கிற வாதத்துக்கே அதுல இடம் இல்ல. இன்னும் ஏதாவது ஆப்ல அவனால ஆட முடியுதுன்னா, அது சட்டத்துக்கு வெளிய இருந்து நடத்துறவன் ஆப், ஜெயிச்ச காசு கைக்கு வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. தம்பி போன்ல பேங்க் அக்கவுண்ட் எது இணைஞ்சிருக்குன்னு இன்னைக்கே பாரும்மா.

கேள்வி: நாங்க டொராண்டோவுல இருக்கோம். பிள்ளைங்க தமிழ் பேசும், படிக்க வராது. ஆன்லைன்ல விளையாட்டு மாதிரி ஏதாவது இருக்கா?
- ஒரு அம்மா, கனடா

விளையாட்டுன்னு பெருசா எனக்குத் தெரிஞ்சு இல்ல, இருக்கிறதும் பாதி அ-அம்மா ஆ-ஆடுன்னு கத்துற ஆப், நடுவுல விளம்பரம் வேற. கதைல ஆரம்பிங்க. பிரதம் புக்ஸ்காரங்களோட ஸ்டோரிவீவர்னு இருக்கு, 2015ல ஆரம்பிச்சது, காசு இல்ல, தமிழ்ல நிறைய படக்கதை இருக்கு, நாலு லெவலா பிரிச்சிருக்காங்க. முதல் லெவல்ல ஒரு பக்கத்துக்கு கொஞ்சம் வார்த்தைதான் வரும். பல கதை இங்கிலீஷ்லயும் இருக்கும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கலாம். உங்க பிள்ளைங்க பெருசுன்னா இங்கிலீஷ் கதை ஒண்ணத் தமிழ்ல மாத்தச் சொல்லுங்க, அதுக்கும் அதுலயே வழி இருக்கு, கொஞ்சம் தப்பும் தவறுமா வரும், வரட்டுமே. தமிழ் இணையக் கல்விக்கழகத்துலயும் வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்குன்னே பாடம் இருக்கு, அது கொஞ்சம் வாத்தியார் வாசனை அடிக்கும், உக்காந்து கூடப் படிச்சா நல்லது.

கேள்வி: லீவுக்கு பேரன் வந்தா போன விட்டு தலை நிமிர மாட்டேங்குறான். நாங்க ரெண்டு கிழடும் அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்.
- ஒரு தாத்தா, தேனி

ஐயா, உங்க லெட்டரப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. எங்க மாமியார் இதுக்கு ஒரு வேலை செஞ்சாங்க, அதச் சொல்றேன். லாக்டவுன்ல எல்லாரும் போன்ல லூடோ கிங் ஆடினோமே, அப்ப அவங்களும் கத்துக்கிட்டு பேரன அதுலயே தோக்கடிச்சாங்க. அவனுக்கு அப்பத்தா மேல ஒரு மரியாதை வந்துருச்சு. அப்புறம் "இதுக்கு மூத்தது ஒண்ணு இருக்கு வாடா"ன்னு தரைல சாக்பீஸால ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு போட்டாங்க. மூணு புலி, பதினஞ்சு ஆடு, புலிக்கு புளியங்கொட்டை, ஆட்டுக்கு சோளம். புலி பெரிய ஆளுன்னு நினைச்சு அவன் புலிய எடுத்தான், பன்னெண்டு நிமிசத்துல மூணு புலியும் நகர இடமில்லாம மாட்டிக்கிச்சு. இது எப்படின்னு அவன் தலையச் சொறிஞ்சுட்டு "இன்னொரு மேட்ச் அப்பத்தா"ன்னான். மேட்ச்னுதான் சொன்னான்.

நீங்க முதல்ல அவன் கேம ஒரு தடவை கேட்டுப் பாருங்க, "இதுல யாருப்பா நீ, யாரு எதிரி"ன்னு. சொல்ல ஆரம்பிச்சான்னா நிறுத்த மாட்டான். உங்க ஊர்ல மலைப்பக்கம் சிக்னல் போகும்ல, நெட் போச்சுன்னா குரோம்ல ஒரு குட்டி டைனோசர் வரும், கள்ளிச்செடிய தாண்டித் தாண்டி ஓடும், அதுல நீங்களும் ஒரு கை பாக்கலாம், ஒரு விரல் போதும்.

கேள்வி: பிள்ளைங்களுக்கே சொல்றீங்களே, நீங்க ஏதாவது ஆடுவீங்களா?
- சும்மா ஒரு வாசகர், மதுரை

நம்ம ஊர்க்காரங்களுக்கே இந்தக் குசும்பு. ஆடுறேன், செஸ். 2022ல மாமல்லபுரத்துல ஒலிம்பியாட் நடந்தப்போ வேட்டி கட்டின குதிரை, தம்பின்னு பேரு வச்சு பஸ் ஸ்டாண்ட் எல்லாம் நின்னுச்சே, அப்பவே பையன் கத்துக்கணும்னான். 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல குகேஷ் 18 வயசுல உலக சாம்பியன் ஆனதும் பொண்ணும் சேந்துக்கிட்டா. மூணு பேரும் லீசெஸ்ங்கிற செஸ் வெப்சைட்ல ஆடுறோம், ஃப்ரீ, விளம்பரமே கிடையாது, நன்கொடைல ஓடுதாம். அதுல கிட் மோட்னு ஒண்ணு இருக்கு, அதப் போட்டுட்டா யாரும் பிள்ளைக்கு மெசேஜ் அனுப்ப முடியாது, பிள்ளையும் அனுப்ப முடியாது. நான் எனக்கும் அத போட்டு வச்சிருக்கேன், தோத்ததும் எவனாவது ஏதாவது சொல்லிருவானோன்னு.

கம்ப்யூட்டரோட ஆட எட்டு லெவல் இருக்கு. பையன் அஞ்சுல ஆடுறான், பொண்ணு மூணு. நான் ஒண்ணாவதுல ரெண்டு தடவை ஜெயிச்சு ரெண்டாவதுக்குப் போனேன், போன ஞாயித்துக்கிழமை ராணிய சும்மா தூக்கிக் குடுத்துட்டேன். பையன் எட்டிப் பாத்துட்டு "அம்மா, குதிரை இருக்கு பாரு, நல்லா பாரு"ன்னான். எங்கடான்னா "ஒரு ஹிண்ட்டுக்கு அஞ்சு ரூபா"ங்குறான். அடுப்புல குழம்பு கொதிக்குது, நானும் அந்தக் குதிரையத் தேடிக்கிட்டே இருந்தேன், கடைசி வரைக்கும் காசு குடுக்கல.